பூக்கிறது, காய்க்கவில்லை: வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீக்களை வரவழைத்தல்

மீளக்குடியேறிய குடும்பங்களின் வளவுகளுக்குப் போகும்போது எங்கள் கள உத்தியோகத்தர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. பூசணிக் கொடி கொட்டில் கூரை வரை ஏறிவிட்டது. காலையில் பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. பிஞ்சு வந்ததுபோல் தெரிகிறது, மூன்று நான்கு நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. தந்த விதை கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். நாவூறு என்று சிலர். வேறு சிலர் கடைக்குப் போய் ஒரு போத்தல் பூச்சிமருந்து வாங்கி வந்து, பூவும் இலையும் நனைய அடிக்கிறார்கள். அதன்பிறகு இருந்த பிஞ்சும் இல்லாமல் போகிறது.

விதையில் பெரும்பாலும் பிழை இல்லை. அந்தப் பூக்களுக்குத் தேனீ வரவில்லை, அவ்வளவுதான். இதை அறிந்துகொண்டால் இந்தப் போகத்துக் காயை உங்கள் கையாலேயே பிடிக்க வைக்கலாம். அடுத்த போகத்துக்குள் அந்த வேலையைத் தேனீக்களே செய்யும்படி வளவை மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பணம் தேவையில்லை. உலர் உணவு நிவாரணம் நிற்கப்போகும் மாதங்களில் பந்தலில் தொங்கும் பத்துப் பாகற்காயும் கொட்டிலில் அடுக்கி வைத்த நாலு பூசணியும் எவ்வளவு பெறுமதி என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

திரும்பி வந்த வளவில் ஏன் இப்படி நடக்கிறது?

பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணி பற்றைக்காடாக இருக்கும். அந்தப் பற்றைக்குள் பூவும் இருந்தது, பட்ட மரப் பொந்தும் இருந்தது, கிளறாத மண்ணும் இருந்தது. ஆகவே தேனீயும் வண்டும் அங்கே குடியிருந்தன. நாங்கள் வந்ததும் முதலில் செய்யும் வேலை காணியைத் துப்புரவாக்குவது. வேறு வழியும் இல்லை. பாம்புப் பயம், வீடு போட இடம், கிணற்றுக்குப் பாதை. இயந்திரம் வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்து ஒதுக்குகிறது, அல்லது வெட்டிக் குவித்து எரிக்கிறோம். பிறகு அந்த வெறும் மண்ணின் நடுவில் நாலு பூசணி விதை போடுகிறோம். ஒன்றரை மாதத்தில் பூ வரும்போது அதைத் தேடி வர அந்தப் பக்கத்தில் ஒரு பூச்சியும் மிச்சம் இல்லை.

தென்னைகளும் ஒரு காரணம். தென்னை வருடம் முழுவதும் பாளை விடும் மரம். வேறு பூ இல்லாத காலத்திலும் தேனீக்களுக்குத் தென்னம் பாளையில் மகரந்தம் கிடைக்கும். ஷெல் விழுந்து வட்டுப் போன தென்னைகள் மொட்டையாக நிற்கும் ஊர்களில் அந்தச் சாப்பாடு இல்லை. புதிதாக வைத்த தென்னம்பிள்ளை பாளை விட ஐந்தாறு வருடமாவது செல்லும். அதுவரை வேறு பூக்களை நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

தேன் எடுக்கவோ, தேனீக் கூடு தேடவோ, தடி வெட்டவோ துப்புரவு செய்யப்படாத பற்றைக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட காணிக்குள் மட்டும் வேலை செய்யுங்கள். சிவப்பு அடையாளப் பலகையோ நாடாவோ கட்டிய இடத்தில் எவ்வளவு நல்ல தேன்கூடு இருந்தாலும் அது உங்களுக்கு உரியதல்ல. குப்பையையும் பற்றையையும் குவித்து எரிக்கும்போதும் கவனம்: உள்ளே வெடிக்காத பொருள் கிடந்தால் நெருப்புச் சூட்டில் வெடிக்கும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தேன்கூடு என்றால் பிள்ளைகள் கல்லெறியப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆண் பூவும் பெண் பூவும்

பூசணி, பாகல், புடோல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, கெக்கரி, வத்தகை ஆகிய கொடிகள் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஒரே கொடியில் ஆண் பூ வேறாகவும் பெண் பூ வேறாகவும் பூக்கும். அடையாளம் காண்பது மிகச் சுலபம். பெண் பூவின் கீழே, காம்போடு சேரும் இடத்தில், அந்தக் காயின் குட்டி உருவம் இருக்கும். பூசணி என்றால் சின்ன உருண்டை, பாகல் என்றால் முள்ளு முள்ளாய் ஒரு விரல் நுனி அளவு, புடோல் என்றால் மெல்லிய நூல் போல. ஆண் பூவின் கீழே வெறும் காம்புதான்.

ஆண் பூவிலுள்ள மஞ்சள் மகரந்தத் தூள் பெண் பூவின் நடுவிலுள்ள ஒட்டும் பகுதியில் படவேண்டும். படாவிட்டால் அந்தக் குட்டிக் காய் வளராது, உதிர்ந்துவிடும். ஒரு பூசணிக்காய்க்குள் நூற்றுக்கணக்கான விதை இருக்கிறதல்லவா? ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. அதனால் ஒரு தேனீ ஒருமுறை வந்து போனால் போதாது, பல முறை வரவேண்டும். போதிய மகரந்தம் விழாவிட்டால் காய் பிடித்தாலும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி, வளைந்து கோணலாக வரும். வெள்ளரியில் இதை நன்றாகக் காணலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கொடிகள் முதலில் ஆண் பூக்களைத்தான் விடும். பெண் பூ தெரிய இன்னும் ஒன்று இரண்டு கிழமை ஆகலாம். ஆகவே பூத்த முதல் நாட்களில் பூ எல்லாம் கொட்டுகிறதே என்று பயப்படாதீர்கள். அந்த ஆண் பூக்களைப் பறித்து வறை செய்து சாப்பிடலாம். ஆனால் பெண் பூ வரத் தொடங்கிய பிறகு எல்லா ஆண் பூவையும் பறித்துவிடாமல் கொடிக்கு நாலைந்தாவது விட்டு வையுங்கள்.

கையால் காய் பிடிக்க வைத்தல்

பூசணிப் பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏற வாடத் தொடங்கும். ஒரு பெண் பூ விரிந்திருப்பது ஒரு காலை மட்டும். அந்தக் காலையைத் தவறவிட்டால் அந்தக் காய் போனதுதான். ஆகவே தண்ணீர் அள்ளப் போகும் நேரத்தில், ஆறு மணி தொடக்கம் ஒன்பது மணிக்குள், கொடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். அதன் மஞ்சள் இதழ்களைக் கிழித்து எடுத்தால் நடுவில் தூள் பூசிய குச்சி போன்ற பகுதி நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூவை எடுங்கள். அன்று விரிந்த பெண் பூவின் நடுவிலே அந்தக் குச்சியை மெதுவாக, எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். ஒரே கொடியின் ஆண் பூவாகவும் இருக்கலாம், பக்கத்துக் கொடியினதாகவும் இருக்கலாம், அயல் வீட்டுப் பூசணியினதாகவும் இருக்கலாம். ஆனால் பூசணிக்குப் பூசணி, பாகலுக்குப் பாகல். மாற்றித் தடவிப் பயனில்லை. (பாகலுக்குப் பக்கத்தில் வெள்ளரி வைத்தால் வெள்ளரி கைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று சேராது. வெள்ளரி கைப்பது பெரும்பாலும் தண்ணீர் காணாமல்தான்.)

மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில் காலபோகத் தோட்டம் பூக்கும்போது தேனீ கூட்டை விட்டு வெளியே வராது. வந்தாலும் நனைந்த மகரந்தம் உதவாது. மழை வரும்போலிருந்தால், நாளைக்கு விரியப்போகும் மொட்டுகளை மாலையிலேயே பார்த்து வைத்து, ஆண் மொட்டு இரண்டைப் பறித்து வீட்டுக்குள் ஒரு கோப்பைத் தண்ணீரில் காம்பு நனைய வைத்திருங்கள். காலையில் காய்ந்த தூள் உங்கள் கையில் இருக்கும். தடவிய பின் பெண் பூவின் இதழ்களை மேலே கூட்டி ஒரு நூலால் தளர்வாகக் கட்டிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

எல்லாக் கொடியும் காலையில் பூப்பதில்லை. பாகலும் வெள்ளரியும் பூசணி போலக் காலையில் விரிபவை. பீர்க்கு மாலைப் பூ. பொழுது சாய விரியும். சுரையும் புடோலும் மாலைக்குப் பின், இருட்டும் நேரத்தில் வெள்ளையாக விரிபவை. புடோல் பூவின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து மணக்கும். இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான் அந்த வெள்ளையும் மணமும். காலையில் போய் வாடிய புடோல் பூவைத் தடவிவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்பவர்கள், விளக்கேற்றும் நேரத்துக்குப் பிறகு ஒருமுறை பந்தலடிக்குப் போய்ப் பாருங்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய்

இவற்றின் ஒவ்வொரு பூவிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். ஆனால் கத்தரியிலும் தக்காளியிலும் மகரந்தம் மூடிய சிறு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். நுனியிலுள்ள துளையால், உப்புப் போத்தலைக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் கொட்டும். காற்று ஓரளவு குலுக்கும். நன்றாகக் குலுக்குவது பெரிய கருவண்டும், வயிற்றில் நீலக் கோடு போட்ட ஒரு சிறிய தேனீயும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் போடும். காலையில் கத்தரிப் பாத்தியில் நின்றால் கேட்கலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கருவண்டு வராத தோட்டத்தில் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் செடியின் தண்டை ஒரு சுள்ளித் தடியால் மெதுவாகத் தட்டி வாருங்கள். தக்காளிக்கு நட்ட தடியைத் தட்டினாலும் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். பிள்ளைகளுக்கு விருப்பமான வேலை இது.

மிளகாய், பயற்றை, வெண்டி ஆகியவை தாமாகவே காய்க்கும். தேனீ வந்தால் கொஞ்சம் கூடக் காய்க்கும், வராவிட்டாலும் பட்டினி போடாது. அதனால்தான் முதல் போகத்தில், தேனீயே இல்லாத வெறும் வளவில், பயற்றையையும் வெண்டியையும் கூடுதலாகப் போடும்படி நாங்கள் சொல்கிறோம். விதைப் பொதியில் பூசணி விதை அதிகம் இருக்கிறதென்று பூசணியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பப்பாசியில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக இருக்கும் இனம் உண்டு. நீண்ட தண்டில் கொத்தாகப் பூத்துக் காய்க்காமல் நிற்பது ஆண் மரம். காய்க்காத மரம் என்று எல்லாவற்றையும் தறித்துவிட்டால் மற்றவை காய்க்கச் சிரமப்படும். ஒன்றை விட்டு வையுங்கள். கொடித்தோடையில் மஞ்சள் பழ இனம் தன் பூவின் தூளால் காய்க்காது. வேறு விதையில் முளைத்த இரண்டாவது கொடி ஒன்று பக்கத்தில் வேண்டும், கருவண்டும் வேண்டும்.

தேனீக்கு வீடு

இலங்கையில் 140க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை நான்குதான். மற்றவை தனியாக, மண்ணிலும் மரத்துளையிலும் குடியிருந்து யாருக்கும் தெரியாமல் வேலை செய்பவை. தோட்டத்துக்குத் தேனீ என்றதும் தேன்பெட்டி வேண்டும் என்று கேட்கிறார்கள். பெட்டி நல்லதுதான், விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவவில் இயங்குகிறது, பயிற்சி பற்றி உங்கள் விவசாயப் போதனாசிரியர் மூலம் விசாரிக்கலாம். ஆனால் பூவே இல்லாத ஊருக்குப் பெட்டி கொண்டுவந்தால் தேனீ பெட்டியை விட்டுப் போய்விடும். முதலில் வளவில் ஏற்கெனவே இருப்பவற்றைக் காப்பாற்றுவோம்.

இடிந்த வீட்டைத் திருத்தும்போது சுவர்களைக் கவனமாகப் பாருங்கள். சுவர் வெடிப்பிலோ, பழைய கதவு நிலைக்குப் பக்கத்திலோ, விரல் தடிப்பில் மெழுகும் பிசினும் சேர்ந்த ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் வாயில் எறும்பளவு கறுப்புப் பூச்சிகள் போய் வந்தால், அது கொசுத்தேனீக் கூடு. கொட்டாது. குழந்தை இருக்கும் வீட்டிலும் பயமில்லை. சுற்றிவரப் பூசுங்கள், அந்த வாயை மட்டும் அடைக்காதீர்கள். இது சில நூறு மீற்றருக்குள்தான் பொதுவாகப் பறந்து திரியும். ஆகவே அதன் உழைப்பு உங்கள் வளவுக்கும் அயலுக்கும்தான் கிடைக்கும். போர்க்காலம் முழுவதும் அந்தச் சுவரில் அது குடியிருந்திருக்கலாம்.

கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்து முட்டையிடும். கூரைச் சிலாகையைத் துளைக்கிறதென்று அடித்துக் கொல்கிறார்கள். புதிதாக வேய்ந்த கூரைக்கு வரும் கவலை எங்களுக்கும் விளங்குகிறது. வேலியோரமாக ஒரு பட்ட முருங்கைக் கிளையையோ காய்ந்த மூங்கில் துண்டுகளையோ நிழலில் கட்டி வைத்தால் அங்கே போகும்.

நீலக்கோட்டுத் தேனீ உட்படப் பல சிறு தேனீக்கள் மண்ணிலும் மண்சுவரிலும் வரம்பிலும் சிறு துளை போட்டு இருக்கும். வளவின் ஒரு மூலையில், வெயில் படும் மேட்டு நிலத்தில், ஒரு பாய் அளவு இடத்தைக் கொத்தாமலும் தண்ணீர் தேங்காமலும் விட்டு வையுங்கள். துப்புரவு செய்து ஒப்படைத்த காணி என்றால் பற்றையை ஒரே நாளில் வழிக்காமல் எல்லையோரமாக ஒரு பட்டியை இந்த வருடத்துக்கு விட்டு, தோட்டம் பூத்த பிறகு மெல்ல மெல்ல வெட்டலாம். வீட்டுப் பக்கம் மட்டும் பாம்புக்காகத் துப்புரவாக இருக்கட்டும்.

பெரிய தேனீ பற்றி ஒரு வார்த்தை. உயர்ந்த மரக் கொப்பிலும் தண்ணீர்த் தாங்கியிலும் இடிந்த கட்டடத்தின் உயரத்திலும் பலகை போல ஒற்றை அடையாகத் தொங்கும். குளவி என்றும் சிலர் சொல்வார்கள். பூவுக்கு இதுவும் நன்மை செய்கிறது. ஆனால் கல்லெறிந்தாலோ புகை போட்டாலோ கூட்டமாக வந்து கொட்டும். பல தேனீ கொட்டியவரை, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாடசாலைக்கோ கிணற்றுக்கோ போகும் வழியில் கூடு இருந்தால் நீங்களாகக் கலைக்காமல் கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள்.

வேலியும் பூவும்

எங்கள் ஊர்களில் வேலி என்றால் பூவரசும் கிளுவையும் முள்முருக்கையும் சீமைக்கிளுவையும்தான். கம்பிக் கட்டையும் தகரமும் வந்த பிறகு அதைப் பலர் மறந்துவிட்டார்கள். கதியால் நட்ட வேலிக்குப் பல பயன்: ஆட்டுக்குக் குழை, பாத்திக்குப் பசளை, வைகாசி ஆனியில் அள்ளி வீசும் சோளகக் காற்றுக்கு மறைப்பு. காற்று பலமாக அடிக்கும் வெளியில் தேனீ பூவில் நிற்க முடியாது. வேலி மறைத்த தோட்டத்துக்கு அது வரும். பூவரசு வருடத்தில் பெரும்பாலான காலம் பூக்கும். சீமைக்கிளுவை மாரி முடிந்து இலை உதிர்ந்த பிறகு இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆனால் குழைக்காக எல்லாக் கதியாலையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பூ இராது. ஒரு பக்கத்தை வெட்டினால் மறுபக்கத்தை விடுங்கள்.

ஒரு மரம் மட்டும் வைக்க முடியும் என்றால் முருங்கைத் தடி வையுங்கள். பூவுக்குக் கருவண்டும் தேனீயும் மொய்க்கும், இலையும் காயும் உங்களுக்கு.

பாத்தியோரங்களில் ஒரு பிடி எள்ளைத் தூவிவிடுங்கள். ஐந்தாறு கிழமையில் பூக்கும். தேனீ விட்டு விலகாது. கிணற்றடியில் துளசி, கற்பூரவள்ளி. சாமிக்கு வைக்கும் செவ்வந்தியும் உதவும், ஆனால் அடுக்குப் பூவை விட ஒற்றை இதழ்ப் பூவே பூச்சிக்கு நல்லது. அடுக்கில் தேன் எட்டாது. பிடுங்கிச் சாப்பிட்ட முள்ளங்கியிலும் கொத்தமல்லியிலும் இரண்டொன்றைப் பூக்க விடுங்கள். களை பிடுங்கும்போது தும்பையையும் மூக்குத்திப் பூண்டையும் வேலியோரத்தில் விட்டு வையுங்கள். நாயுண்ணியில் வண்ணத்துப்பூச்சி நிறைய வரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒருமுறை வளவுக்குள் வேரூன்றினால் உங்களைத் துரத்திவிடும், அதை நட வேண்டாம்.

தண்ணீரும் வேண்டும். வரட்சி மாதங்களில் ஒரு தட்டையான சட்டியில் சிறு கற்களைப் போட்டு, கற்கள் பாதி வெளியே தெரியத் தண்ணீர் ஊற்றிக் கிணற்றடி நிழலில் வையுங்கள். நாளுக்கு நாள் அந்தத் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். தேங்கவிட்டால் நுளம்பு பெருகி டெங்கு வரும்.

மருந்து அடிக்கும் முன்

காய் விழுவது எல்லாம் மகரந்தம் படாததால் அல்ல. விழுந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்தியது போலப் புள்ளி இருந்தால் அது பழ ஈ. பாகலிலும் புடோலிலும் பீர்க்கிலும் இது அதிகம். பூ வாடி, பிஞ்சு விரல் நீளம் வந்ததும் கடதாசிப் பை அல்லது ஓலைக் குடலை போட்டுக் கட்டினால் ஈ முட்டையிட முடியாது. பூ விரியும் முன்னரே கட்டினால் தேனீயும் வர முடியாது. புழு விழுந்த காய்களைக் கொடிக்கடியில் போடாமல் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள்.

பிஞ்சுக்குள் புழு இல்லை, வெறுமனே மஞ்சளாகிச் சூம்பியிருக்கிறது என்றால் மேலே சொன்ன கை வேலையைச் செய்யுங்கள். இலை மட்டும் கரும்பச்சையாகச் செழித்துப் பூவே குறைவாக இருந்தால் யூரியா கூடிவிட்டது. சில கிழமைக்குப் பசளையை நிறுத்துங்கள்.

பூச்சிக்கு முதலில் வேம்பைப் பயன்படுத்துங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியால் வடித்து, சவர்க்காரத் துண்டைச் சிறிது கரைத்து அன்றே தெளிக்க வேண்டும். வேம்பு என்றாலும் விரிந்த பூவில் தெளிக்காதீர்கள். இலையின் அடிப்பக்கத்தில்தான் பூச்சி இருக்கும், அங்கே தெளியுங்கள். சாம்பல் தூவுவதும் அப்படித்தான், இலைக்கு மட்டும்.

கடை மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் விவசாயப் போதனாசிரியர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், தேனீ கூட்டுக்குத் திரும்பிய மாலை நேரத்தில் அடியுங்கள். காலையில் பூத்த பூசணி மாலையில் மூடியிருக்கும். ஆனால் பீர்க்கும் சுரையும் புடோலும் அந்த நேரத்தில்தான் விரிகின்றன. அந்தப் பந்தல் பக்கம் தெளிக்க வேண்டாம். பெயர்த்தாள் இல்லாத போத்தலில் யாரோ தந்த மருந்தை எந்த நேரத்திலும் பாவிக்காதீர்கள். பக்கத்தில் வெங்காயமோ நெல்லோ செய்பவர் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். தேனீ ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பறந்து போய்ப் பூத்தேடும். உங்கள் வளவில் ஒரு துளி மருந்தும் இல்லாவிட்டாலும் அங்கே போய்ச் சாகும். காலையில் அடிக்காமல் மாலையில் அடியுங்கள் என்று கேட்பதில் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை, அவருடைய பந்தலுக்கும் அது நல்லது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை ஒருமுறை பேசி முடிவு செய்த இடங்களில் வேலை சுலபமாக நடக்கிறது.

விதைக்கு ஒன்று

முதலில் பிடித்த நல்ல பூசணி ஒன்றைக் கொடியிலேயே முற்ற விடுங்கள். விதையை எடுத்துக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, அடுப்புச் சாம்பலுடன் கலந்து மூடியுள்ள போத்தலில் வைத்தால் அடுத்த போகத்துக்கு நிவாரணப் பொதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பொதியில் ‘கலப்பின’ விதை என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அதன் பிள்ளைகள் தாயைப் போல வராது. நாட்டு இனங்களுக்கே இது பொருந்தும்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தும் காய் நிற்கவில்லை என்றால், அன்று விழுந்த பிஞ்சு இரண்டையும் ஒரு இலையையும் ஒரு பையில் போட்டுக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். பயணச் செலவு சிரமம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். எந்தப் பயிர், எப்போது விதைத்தது, பூ எந்த நேரம் விரிகிறது, பிஞ்சைப் பிளந்தபோது உள்ளே என்ன இருந்தது என்பவற்றை முன்னரே பார்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.